விலை ஏறும்போது மட்டும் வரும் அரசு

பாலக்கோடு,
அக்டோபர் 2025.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது நலமாக இருக்கிறார். தங்கைக்கு ஓசூரில் வேலை கிடைத்து, இந்த மாதம் சேர்ந்துவிட்டாள். வீட்டுச் செய்திகள் அவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் நீ எழுப்பிய கேள்விக்கான பதில். நாட்டு அரசியலைப் பற்றி நான் இவ்வளவு கசந்து பேசுவதைப் பார்த்து, "வாக்களிப்பதையே விட்டுவிடுவாயோ" என்று கேட்டிருந்தாய். விடமாட்டேன். 2024 ஏப்ரல் 19 அன்று நம் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அதுவே அதிகம். அன்றைய வரிசையில் நானும் நின்றேன். வாக்கின் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த எந்தக் கட்சிக்காரரும், தில்லிக்குப் போனால் தக்காளிக்கும் மாங்காய்க்கும் என்ன செய்வோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

2023 ஜூலையில் நீ தில்லியிலிருந்து எழுதியது நினைவிருக்கிறதா? அரசு வேன் வந்து நின்றதாகவும், மத்திய அரசின் சார்பில் நுகர்வோர் கூட்டுறவு இணையம் தக்காளியைக் கிலோ 90 ரூபாய்க்குக் கொடுத்ததாகவும், அது சில நாள்களிலேயே 80, 70 என்று இறங்கியதாகவும் எழுதியிருந்தாய். அந்தத் தக்காளியை ஆந்திரம், கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் வாங்கி, இழப்பை அரசே ஏற்றுக்கொண்டு விற்றார்கள். ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து இறக்குமதி செய்வதாக நிதியமைச்சரே அறிவித்தார். இங்கே தமிழக அரசும் சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. இவற்றை நான் தவறென்று சொல்லவில்லை. கூலி வேலை செய்து ஒரு குடும்பத்தை நடத்துபவர் கிலோ 150 ரூபாய் கொடுத்துத் தக்காளி வாங்க முடியாது. அரசு நினைத்தால் சில நாள்களுக்குள் கொள்முதல் செய்யவும், லாரி ஏற்றவும், எல்லை தாண்டி வாங்கவும், இழப்பைத் தாங்கவும் முடியும் என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் விலை சரிந்தது. அப்போது எந்த வேனும் வரவில்லை. ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாற்று, சொட்டுநீர்க் குழாய், மண்ணை மூடும் மல்ச்சிங் தாள், செடிக்குக் குச்சி நட்டுக் கட்டும் கூலி, மருந்து என்று எவ்வளவு போகிறது என்பதை நீ எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறாய். செலவில் பெரும்பகுதி காய் பிடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் ஆகியவை அதற்குப் பிறகு வருகின்றன. இராயக்கோட்டை மண்டியில் விலை மிகவும் இறங்கிவிட்டால் பறித்துக் கொண்டுபோகும் செலவுகூடத் திரும்பாது என்பதால், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு ஆட்டை மேயவிடுகிறார்கள். நம் வட்டாரத்தில் இது ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவருக்கு நடக்கிறது. தில்லியில் விலை ஏறினால் அது நாடாளுமன்றத்தில் எழும் பிரச்சினை. பாலக்கோட்டில் விலை விழுந்தால் அது விவசாயியின் தலைவிதி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஓரவஞ்சனையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெங்காயத்தையும் எண்ணிப் பார். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்தார்கள். டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, தடையை விலக்கினார்கள். வரி முழுவதும் நீங்க 2025 ஏப்ரல் 1 ஆயிற்று. வரியும் தடையும் தடை நீக்கமும் ஓர் இரவில் வந்தன. நடவு செய்தவர் அறுவடைக்குள் விதி எத்தனை முறை மாறும் என்று எப்படிக் கணக்கிடுவார்?

இந்த ஆண்டு மாங்காய்ப் பருவம் இன்னும் மோசமாக இருந்தது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் சென்ற ஆண்டின் கூழே விற்காமல் இருக்கிறதென்று சொல்லி, கூழுக்கு வாங்கும் தோத்தாபுரி மாங்காய்க்குக் கிலோ ஐந்து, ஆறு ரூபாய்தான் தந்தன. ஆந்திர அரசு, ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், மேற்கொண்டு 4 ரூபாயை அரசு தரும் என்று அறிவித்து, தன் விவசாயிக்கு 12 ரூபாய் கிடைக்க வழி செய்தது. கூடவே, ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாதென்று தடுத்துவிட்டது. ஒரே நாடு, ஒரே சந்தை என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்த நம் தலைமுறை, மாங்காய் லாரி மாநில எல்லையில் நிறுத்தப்படுவதையும் பார்க்க நேர்ந்தது. கர்நாடகத்துக்கு மத்திய அரசு, விலை விழும்போது கைகொடுக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று கணக்கிட்டு, இரண்டரை லட்சம் டன் வரை விலை வேறுபாட்டுத் தொகை தர ஒப்புக்கொண்டது. எங்கள் ஊர்த் தோப்புக்காரர் எவர் கையிலும் அப்படி ஒரு ரூபாயும் வரவில்லை. அந்தத் திட்டத்தில் மாநில அரசு கேட்க வேண்டும், மத்திய அரசு ஏற்க வேண்டும், இழப்பை இருவரும் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும். இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வாரங்களில் மாங்காய் காத்திருப்பதில்லை.

அரசு சந்தையைத் தொடவே கூடாது என்று நீ எழுதியிருந்தாய். ராஜாஜியையும் துணைக்கு அழைத்திருந்தாய். நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர், 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, எதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருந்த லைசென்ஸ் பர்மிட் ஆட்சியை எதிர்த்தவர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அவருடைய வாதத்தை முழுமையாக ஏற்பதானால், உன் தெருவில் நின்ற வேனையும் வெங்காயத் தடையையும் நீ எதிர்த்திருக்க வேண்டும். விலை ஏறும்போது தலையீட்டை ஏற்று, விழும்போது மட்டும் சந்தையின் சுதந்திரத்தைப் பேசினால் அது கொள்கையாகாது. உன்னை நோகச் செய்ய இதை எழுதவில்லை. தில்லியில் இரு பக்கத்துக் கட்சிகளும் இதே நிலையில்தான் நிற்கின்றன. காங்கிரஸ், சில பயிர்களுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி தருவதாக 2024இல் சொன்னது; அந்த விலை அறிவிக்கப்படும் பயிர்களில் தக்காளியும் இல்லை, மாங்காயும் இல்லை. ஆளுங்கட்சி விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவதைச் சொல்கிறது. அது ஒரு பறிப்பின் கூலிக்குச் சரியாகப் போய்விடும்.

திட்டமிட்டு உதவ அரசுக்குத் தெரியாதென்றும் நான் நம்பவில்லை. வாகனத் துறைக்கு 2021இல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகையாக 25,938 கோடி ரூபாயை ஐந்தாண்டுகளுக்கென்று முன்கூட்டியே அறிவித்தார்கள். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நம்மோடு படித்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். முதலீடு செய்பவருக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டுமென்று அரசு உணர்ந்திருக்கிறது. நகையை அடகு வைத்து நாற்று வாங்குவதும் முதலீடுதான்.

கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். அந்த விலை போதுமா என்பது வேறு வாதம். நடவுக்கு முன்பே ஒரு எண் அறிவிக்கப்பட்டது என்பதே எனக்கு முக்கியம். நாட்டு அளவிலும் அதையே கேட்கிறேன்: விலை எவ்வளவு ஏறினால் வேன் வரும், எவ்வளவு இறங்கினால் கொள்முதல் நடக்கும் என்ற இரண்டு எண்களையும் பருவத்துக்கு முன்பே, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவிக்கட்டும்.

நவம்பர் 1 அன்று கிராம சபை கூடுகிறது. இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வைக்க நானும் நான்கைந்து பேரும் முடிவு செய்திருக்கிறோம். நகலை நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர்களுக்கும் அனுப்புவோம். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ இதற்கு உடன்படமாட்டாய் என்பது தெரியும். அதனால்தான் உன்னிடமே அனுப்புகிறேன். எந்த இடத்தில் வாதம் வலுவிழக்கிறதோ அங்கே குறியிட்டு, மாத முடிவுக்குள் திருப்பி அனுப்பு.

உன் அன்பு நண்பன்