கையெழுத்து வேட்டைக்குப் போகிறாயா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சன்னிவேல் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. முட்டி வலி குறைந்திருப்பதும் நல்லதுதான், ஏனென்றால் நீ கேட்டிருக்கும் ஃபேன்ஃபெஸ்டில், அதாவது சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் அணி ஜயன்ட்ஸ் நடத்தும் ரசிகர் விழாவில், நடைதான் அதிகம். சீசன் தொடங்குமுன் குளிர்காலத்தில் தங்கள் மைதானமான ஆரக்கிள் பார்க்கை ரசிகர்களுக்குத் திறந்துவிடும் நாள் அது. ஆட்டம் கிடையாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. இல்லையென்றால் "எப்போ மேட்ச்?" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள்.

காரை எடுக்காதே. சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறினால் கடைசி நிறுத்தம் நான்காவது தெரு, கிங் தெரு முனை. அங்கிருந்து அம்மா மெதுவாக நடந்தாலும் பத்து, பதினைந்து நிமிடம். வார இறுதியில் அரை மணிக்கு ஒரு ரயில் உண்டு. விழா டிக்கெட் 'பால்பார்க்' என்ற போன் ஆப்பில் வரும். வாயிலருகே எல்லாரும் ஒரே நேரத்தில் போனைத் திறப்பதால் சிக்னல் படுத்துவிடும். ரயிலில் வரும்போதே டிக்கெட்டைப் போன் வாலெட்டில் சேர்த்துவிடு.

இனி கையெழுத்து. ஆளுக்கு 15 விநாடி என்று வைத்தால், ஒரு வீரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் 240 பேருக்குத்தான் கிடைக்கும். அதில் பாதிப் பேர் செல்ஃபியும் கேட்பார்கள். பெரிய நட்சத்திரத்தின் வரிசையில் நின்றால் காலை முழுக்கப் போச்சு, கடைசியில் "வரிசை முடிந்தது" என்று கயிற்றை இழுத்துவிட்டால் பிள்ளை அழும். வரிசையா, குலுக்கலா, காசா என்பது ஆண்டுக்காண்டு மாறும், அதையும் ஆப்பிலேயே பார்த்துக்கொள். என்னைக் கேட்டால், பெயர் தெரியாத இளம் வீரர் ஒருவரின் வரிசையே மேல். கூட்டம் குறைவு, அவரும் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதுவார்.

பலரும் கோட்டைவிடுவது பேனாவில். எல்லாரும் ஷார்ப்பி மார்க்கர் கொண்டுபோகிறார்கள். சட்டை, மட்டை, போட்டோவுக்கு அது சரி. பந்துக்கு ஆகாது: தோலில் மை ஊறிப் பரவி, சில ஆண்டுகளில் எழுத்தைச் சுற்றி மங்கலாக வட்டம் கட்டும். பந்துக்கு நீல பால்பாயின்ட்தான், ஜெல் பேனாவும் வேண்டாம். பந்து தோல் பந்தாக இருக்கட்டும். மலிவான செயற்கைத் தோலில் மை ஊறாது, விரல் பட்டால் இழுவிவிடும். பந்தைச் சுழற்றிப் பார், சிவப்புத் தையல் இரண்டும் மிக நெருங்கி வரும் இடம் தெரியும். அச்செழுத்து இல்லாத பக்கத்தில் அந்த இடைவெளியை வீரரை நோக்கிக் காட்டி நீட்டு. அதற்கு ஸ்வீட் ஸ்பாட் என்று பெயர். இல்லாவிட்டால் அவர் கைக்கு வந்த இடத்தில் எழுதிவிடுவார். வீரர் படம் போட்ட வழவழப்பான அட்டை என்றால் முதல் நாளே துளி பேபி பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துத் துடைத்து வை, மை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் வைக்காதே. வெயில்தான் கையெழுத்தைத் தின்னும்.

அம்மாவுக்குக் கையெழுத்தைவிட மைதானம்தான் பிடிக்கும். வீரர்கள் உட்காரும் பள்ளமான டக்அவுட்டில் இறங்க விட்டால் மூன்றாம் பேஸ் பக்கத்ததற்கு, அதாவது மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் இருப்பதற்குப் போங்கள், அதுதான் ஜயன்ட்ஸுடையது. படிகள் உண்டு, கையைப் பிடித்துக்கொள். புல்தரையில் குதிகால் செருப்பு வேண்டாம். பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டைப் பொதுவாகக் கயிறு கட்டி மறித்திருப்பார்கள். களிமண்ணைக் கையால் இடித்துப் பண்ணிய 10 அங்குல உயரம், நாலு பேர் ஏறினால் சரிந்துவிடும். அங்கிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். நம் கிரிக்கெட் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி என்று பையனுக்குச் சொல், அவனே மீதியைக் கேட்பான்.

வலது பக்கச் சுவரைக் காட்டாமல் வராதே. ஹோம் பிளேட்டிலிருந்து எல்லைக்கோட்டில் வெறும் 309 அடிதான், அதற்கு ஈடாகச் சுவர் 24 அடி உயரம். 24 ஜயன்ட்ஸின் பழைய நட்சத்திரம் வில்லி மேய்ஸின் சட்டை எண். சுவருக்கு அப்பால் நேரே மெக்கோவி கோவ் என்ற சிறு விரிகுடாத் தண்ணீர். ஜயன்ட்ஸுக்கு ஆடிய பாரி பாண்ட்ஸ் ஒருவரே 35 பந்துகளை அங்கே அடித்து முக்கியிருக்கிறார். இடது பக்கம் கோலா பாட்டில் வடிவச் சறுக்குமரமும் நாலு விரல் ராட்சதக் கையுறையும் இருக்கின்றன. சறுக்குமர வரிசை மதியத்துக்குமேல் நீளும், அதனால் சின்னவளை அங்கேதான் முதலில் கூட்டிப்போக வேண்டும்.

விரிகுடாக் காற்று பொல்லாதது. வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும், நிழலுக்கு வந்தால் பல் கிட்டும். அம்மாவுக்குக் காதை மூடும் குல்லாய் கட்டாயம். சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் புட்டியும் கேனும் கூடாது. தயிர்சாதத்தை ஜிப்லாக்கில் கட்டு, எவர்சில்வர் தூக்கை வாசலில் வைத்து விவாதிக்காதே. கில்ராய் ஊர்ப் பூண்டு போட்ட ஃப்ரைஸ் ஒரு தட்டு வாங்குங்கள், நாலு பேருக்குப் போதும். வாசனை மறுநாள் வரை கையில் இருக்கும் என்பதால், பந்தைத் தொடுவதற்கு முன்னால் அல்ல, பின்னால்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். யார் கையெழுத்துக் கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
முரளி