பாலின் புளிப்பும் சோடா உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் வீட்டுக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் ஒன்று, பால் திரிந்துவிடும் போலத் தோன்றினால் காய்ச்சும்போது ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா சேர்க்கலாம் என்பது. மதுரை மாவட்டத்தில் பால் குளிர்விப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சமையலறையில் சிட்டிகையாகத் தொடங்கும் இப்பழக்கம், நகரத்துக்குப் பால் ஏற்றி வரும் கேன்களிலும் நடப்பதைச் சோதனைக் குழாயில் பலமுறை கண்டிருக்கிறேன். இதனால் பாலுக்குள் நடப்பது என்ன என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பால் தானாகப் புளிப்பதில்லை. கறக்கும்போது மடியிலிருந்தும் கையிலிருந்தும், சரியாகக் கழுவாத கேனின் மூடி இடுக்கிலிருந்தும் பாலுக்குள் சேரும் பாக்டீரியாக்கள், அதிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உண்டு பெருகுகின்றன. அப்போது அவை வெளியேற்றும் கழிவுதான் லாக்டிக் அமிலம். புளிப்பு என்பது உயிருள்ள நுண்ணுயிரிகளின் வேலை என்று லூயி பாஸ்டர் 1857-இல் எடுத்துக்காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா ஆறு மணி நேரத்தில் நாலாயிரத்துக்கும் மேலாகிவிடும். சித்திரை வெயிலில், மூடிய கேனுக்குள், அத்தகைய பெருக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கியவுடன் பால் புளித்துவிடுவதில்லை. பாலிலுள்ள புரதங்களும் பாஸ்பேட், சிட்ரேட் உப்புகளும் முதலில் சுரக்கும் அமிலத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, பாலின் பி.எச். மதிப்பை (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) அதன் இயல்பான 6.6 அளவிலேயே வெகுநேரம் பிடித்து நிறுத்துகின்றன. அந்தத் தாங்கும் திறன் தீர்ந்து மதிப்பு இறங்கத் தொடங்கும் வேளையில், ஒரு மில்லி லிட்டர் பாலில் பாக்டீரியாக்கள் பல இலட்சத்தைக் கடந்து கோடியை எட்டியிருக்கக்கூடும். ஆறுக்குக் கீழே இறங்கிவிட்ட பால் அடுப்பின் சூட்டைத் தாங்காமல் திரிந்துபோகும். 4.6-ஐத் தொட்டால் கேசீன் புரதம் தன் மின்னூட்டத்தை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, காய்ச்சாமலே பால் உறைந்துவிடும். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 6.6-இலிருந்து 4.6-க்கு வந்த பாலில் அது நூறு மடங்காகியிருக்கும். ஆகவே நாக்குக்குப் புளிப்புத் தெரிவதற்கு வெகு முன்பாகவே நுண்ணுயிரிகள் பாலில் நிறைந்துவிடுகின்றன. புளிப்பு அவை தாமதமாகத் தரும் தகவல்.

அந்தத் தகவலைத்தான் சோடா உப்பு அழித்துவிடுகிறது. சோடா உப்பாகிய சோடியம் பைகார்பனேட் லாக்டிக் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் சோடியம் லாக்டேட்டாகவும் மாறுகிறது, பி.எச். மதிப்பு மீண்டும் ஏறுகிறது. காய்ச்சினால் பால் திரிவதில்லை. ஆனால் அமிலத்தைச் சுரந்த பாக்டீரியாக்களில் ஒன்றுகூட இதனால் குறைவதில்லை. காய்ச்சலில் கிடப்பவரின் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைத்துவிட்டு, அவர் குணமாகிவிட்டார் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

அதைவிடக் கவலை தருவது வேறொன்று. லாக்டிக் அமிலம் நமக்கு எதிரி அன்று. தயிரும் இட்லி மாவும் சில நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணமே, அந்த அமிலம் பிற கிருமிகளைத் தலையெடுக்க விடாமல் வைப்பதுதான். மதிப்பு நான்கை நெருங்கும்போது அமிலத்தைச் சுரந்த பாக்டீரியாக்களே தங்கள் கழிவில் தாங்களே தேங்கிப்போகின்றன. பாலில் சோடாவைக் கலக்கும்போது இந்த இயற்கைத் தடையை நாமே நீக்கிவிடுகிறோம்; அமிலத்தில் அடங்கிக் கிடக்க வேண்டிய ஸ்டபைலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. நன்றாகக் காய்ச்சினால் போதாதா என்று கேட்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஸ்டபைலோகாக்கஸ் முன்னரே பாலில் விட்டுவைத்த நச்சு கொதிநிலையையும் தாங்கி நிற்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு அந்த நச்சு மட்டுமே போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அறியாமலே கூடுதல் சோடியம் போய்ச் சேருவது தனி.

பாக்டீரியாக்கள் எப்போதும் சுற்றுப்புறத்தை அமிலமாக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. உண்பது சர்க்கரையாக இருந்தால் அமிலம் வரும். புரதமாக இருந்தால் அம்மோனியா போன்ற காரப் பொருள்கள் வரும். மீனும் இறைச்சியும் புளிக்காமல் நாறுவதற்குக் காரணம் அதுவே. காய்ச்சி வைத்த பால் சில வேளை புளிக்காமல் கசந்து கெடுவதையும் இல்லத்தரசிகள் அறிவார்கள். புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் சூட்டில் மடிந்தபின், வித்து வடிவில் தப்பிப் பிழைத்தவை புரதத்தைச் சிதைப்பதால் நேர்வது அது. ஆகவே புளிக்கவில்லை என்பது மட்டுமே பால் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலில், புதிய பாலில் பால்காரர் சிறிதளவு சோடா சேர்ப்பது ஏன், அந்தப் பால் தயிராக உறைய ஏன் நேரமாகிறது என்று ஒரு கேள்வி உள்ளது. வேதியியல் நோக்கில் நல்ல கேள்வி. காரத்தன்மை கூடியதால், சுரக்கும் அமிலம் முதலில் அதை முறிக்க வேண்டியுள்ளது என்பதே விடை. மாணவர்களும் அதை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த விடையோடு பாடம் நின்றுவிட்டால், சோடா கலப்பது பாலைக் காக்கும் ஒரு நல்ல உத்தி என்ற எண்ணமே பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்தில் தங்கும். பாலில் அமிலத்தை முறிக்கும் பொருள்களைக் கலப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், கலந்தபின் பாக்டீரியாக்கள் என்ன ஆகின்றன என்பதையும் ஆசிரியர்கள் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

சொல்வதோடு நில்லாமல் செய்தும் காட்டலாம். ஐந்து மில்லி பாலோடு அதே அளவு ஆல்கஹால் சேர்த்து, காரத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் ரோசாலிக் அமிலக் கரைசலைச் சில துளி விட்டுக் குலுக்கினால், கலப்பற்ற பால் பழுப்பு கலந்த ஆரஞ்சு நிறம் காட்டும். சோடா கலந்த பால் கண்ணெதிரே ரோஜாச் சிவப்பாக மாறும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை இது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: புளிப்புக்குச் சரியாக அளந்து சோடா கலந்திருந்தாலோ, கலந்த பின்னர் பால் மீண்டும் புளித்திருந்தாலோ, சிவப்பு தோன்றாது. அப்போது பாலை எரித்துச் சாம்பலின் காரத்தன்மையை அளந்தே கண்டுபிடிக்க முடியும். அதற்கு முறையான ஆய்வகம் தேவை.

பால் புளிப்பதை நேர்மையாகத் தடுக்கும் வழி குளிர்விப்பு ஒன்றே. நான்கு டிகிரிக்குக் குளிர்ந்த பாலில் இந்தப் பாக்டீரியாக்களின் பெருக்கம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. கறந்த பால் ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்விப்பானைச் சேர வேண்டும். கேன்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், சேடபட்டி போன்ற தொலைவான பகுதிகளில் சிற்றூர் அளவிலேயே குளிர்விப்பான்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், சோடாவை நாடும் தேவையே பால் கொண்டுவருபவருக்கு வராது. அவரும் நட்டத்துக்கு அஞ்சியே இதைச் செய்கிறார். தண்டனை மட்டும் அந்த அச்சத்தைப் போக்கிவிடாது.

சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களிலேனும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் மதுரையின் பேருந்து நிலையங்கள், சந்தைகளை ஒட்டிய தேநீர்க் கடைகளில் பிற்பகலில் வந்து சேரும் பாலைச் சோதிக்க வேண்டும். காலையில் எடுக்கும் மாதிரியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது; வெயிலில் பயணம் செய்து வரும் பாலில்தான் சோடா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கள் நாளிதழும் சோடாவைப் பரிந்துரைக்கும் வீட்டுக் குறிப்புகளை இனி வெளியிடாமல் இருந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் ஆய்வக ஊழியர்,
திருமங்கலம்.