ரிஷபம் கேட்கும் மாப்ளைக்கு

மாப்ளே,

யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ ஆள் விட்டுக் கேட்ட, நான் வரைந்த அந்தக் காளைப் படத்தைத் தருவதாக இல்லை.

படிப்பின் கடைசி வருடம் நடந்த எதையும் இங்கே எழுதப்போவதில்லை. நம் வாத்தியார் ஒருவர் இதைப் படிக்கிறார், உன் தங்கச்சியும் படிக்கும். பேச்சு படத்தைப் பற்றி மட்டும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் மற்றவர்கள் நடராஜரைச் சூழ்ந்து நிற்க, நாம் இரண்டு பேரும் திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம், காளைமேல் கை போட்டு நிற்கும் சிவனிடம், மாட்டிக்கொண்டோம். 1011, ராஜராஜன் காலத்து வெண்கலம். மண்ணுக்கடியிலிருந்து சாமி வந்துவிட்டார், காளை வரவில்லை. ஒரு காலை ஊன்றி, மற்றதைக் குறுக்கே போட்டு, தலைப்பாகை மாதிரிச் சடையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். காளைமேல் போட்ட கை அந்தரத்தில் அப்படியே இருக்கிறது. நீ தரையில் குந்தி, பக்கவாட்டில் அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் சிற்பக்காரர்கள் உங்களுக்குக் களிமண், ஓவியக்காரர்கள் எங்களுக்கு நினைவிலிருந்து வாட்டர்கலர். நான் காளையையும் சேர்த்து வரைந்தேன். திமில், கழுத்து மணி எல்லாம் வைத்து. நீ சேற்றுக் கையோடு வந்து, ஈரம் காயாத என் படத்தில் 6பி பென்சிலால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே கோடு இழுத்தாய். "மாடு நிக்குது, சாமி சாயலையேடா. கனம் மொத்தமும் ஊன்றின கால்ல இறங்கணும். அது இறங்கிட்டா மாடே வேண்டாம்."

நீ சொன்னது சரிதான். வகுப்பே வேடிக்கை பார்க்கும்போது சொல்லியிருக்க வேண்டாம்.

அந்தக் கடுப்பில்தான் சுவாமிமலை வெண்கல வார்ப்பு வேலையை 'ஓலையை மடித்து அளந்து காப்பி அடிக்கிறது' என்றேன். யார் இருந்தாலும் வாய் அப்படித்தான் பேசியிருக்கும். ஆனாலும் மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்கே வந்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிய வாசனை தெரு முனைக்கே வந்தது. நீ ஒரு அம்பாளுக்கு, வார்ப்புக்கு முந்தின மெழுகு உருவில், விரல் திரித்துக்கொண்டிருந்தாய். சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் விலகி நின்றது. அந்த விலகலை எந்த ஓலையும் சொல்லித் தந்திருக்காது. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாய், குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரிஷபவாகனரைக் காளையோடு கேட்கிறார் என்று ஆள் விட்டு என் படத்தைக் கேட்கிறாய். மாடே வேண்டாம் என்றவன் நீ! போன் போட்டுக் கேட்கக்கூட உனக்கு வலிக்கிறது. நான் பேனர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பற்றி நீ ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. சரி, விடு.

படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வந்து பார்ப்பவர்கள் அந்தப் பென்சில் கோட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால்தான் கொடுக்க மனசில்லை.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதில் காளை குட்டையாக இருக்கும், அப்படியே வார்த்துவிடாதே. முழங்கை இறங்குகிற உயரத்துக்குத் திமிலை ஏற்று. கழுத்து மணியை வேண்டுமானால் எடுத்துவிடு.

அப்புறம், மெழுகு வாங்க என்று வாங்கிப்போன பணத்தை நான் கேட்கவில்லை. கேட்டதாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.