அதிகாலை ஐந்து மணி எல்லோருக்கும் காலை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் உடற்பயிற்சி பற்றி வந்த கட்டுரையை, நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய கையோடு படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் வரியே "தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து" என்று தொடங்குகிறது. அந்த ஐந்து மணிக்கு நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பாய்லரின் அழுத்தத்தை லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே நர்ஸ், செக்யூரிட்டி, டிரைவர் என்று எத்தனையோ பேர் அந்த நேரத்தில் வேலையில் இருந்திருப்பார்கள். எங்களுக்காக யாராவது எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சரி, நானே எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு 46 வயது. 21 வருடமாக ஷிப்ட் வேலை. ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் 10 முதல் மறுநாள் காலை 6 வரை. ஒவ்வொன்றும் ஒரு வாரம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150க்கு 96 இருந்தது. எடை 84 கிலோ. டாக்டர் "தினமும் காலையில நடங்க" என்றார். நான் என்ன ஷிப்ட் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவர் சொன்னபடியே நைட் முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நடப்பேன், ஓடுவேன். வெயில் ஏறிய பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சி ஷிப்ட் வரும்போதெல்லாம் இதே பழக்கம். அப்படி மூன்றாவது நைட் வாரம். சிக்னலில் வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றியிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தோளில் ஒரு கை. பக்கத்து வண்டிக்காரர், "அண்ணே, பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்றார். கண் திறந்துதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தூங்கியிருக்கிறேன்.

முந்தைய நாள் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தவன். அப்போது காலை ஏழரை. பதினேழரை மணி நேரம் விழித்திருந்த உடம்பு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போலத்தான் கையும் கண்ணும் வேலை செய்யும் என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் குற்றம். அதைப் படித்த அன்று நைட் ஷிப்டுக்கு பைக் எடுப்பதை விட்டேன். இப்போது கம்பெனி பஸ்தான்.

எங்களுக்குத் தூக்கம்தான் முதல் உடற்பயிற்சி. தூக்கத்தைக் குறைத்துச் செய்யும் எந்தப் பயிற்சியும் எங்கள் உடம்பில் ஒட்டாது. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

அதிகாலை நாலு மணிவாக்கில் எனக்குக் குளிரும். அறையில் ஏசி அதே 24 டிகிரியில்தான் ஓடும், ஆனால் நாலு மணிக்கு எல்லோரும் ஜாக்கெட்டைத் தேடுவோம். பல வருடம் ஏசி மேல்தான் சந்தேகப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் நம் உடம்பின் வெப்பமே நாளிலேயே மிகக் கீழே இறங்குகிறது. இதற்கெல்லாம் மூளைக்குள், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நரம்புக் கொத்து கடிகாரமாக இருக்கிறது. பழ ஈக்களை வைத்து அந்தக் கடிகாரத்தின் மரபணு வேலையைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியை நான் சி ஷிப்டில்தான் படித்தேன். நாலு மணிக் குளிருக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது வெளிச்சம். நைட் முடிந்து வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால், "பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று நானே மூளைக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் எட்டு மணிக்குப் படுத்தால் எங்கே தூக்கம் வரும்? அதனால் இப்போது பஸ்ஸில் ஏறியதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி. ஓரத்தில் கோடு மாதிரி வெளிச்சம் வரும் இடத்தில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி மடக்கிவிடுவேன். கதவில் என் மகள் ஆறாம் வகுப்பில் எழுதி ஒட்டிய தாள் இன்றும் இருக்கிறது: "அப்பா நைட். பெல் அடிக்காதீங்க." அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தாளின் நாலு மூலையும் சுருண்டுவிட்டது, மாற்ற மனசு வரவில்லை.

அடுத்தது உடற்பயிற்சி. மணி பார்த்துச் செய்வதை விட்டுவிட்டேன். தூங்கி எழுந்ததை வைத்துக் கணக்கு. நைட் வாரத்தில் காலை எட்டு முதல் மதியம் இரண்டரை வரை தூங்குகிறேன். எழுந்ததும் துணியை விலக்கி வெளிச்சத்தில் நிற்பேன். இரண்டு மணி நேரம் கழித்து, நாலரைக்கு, நாற்பது நிமிட வேகநடை. பி ஷிப்ட் வாரத்தில் ஏழரைக்கு எழுந்து ஒன்பதரைக்கு நடை. ஏ ஷிப்டுக்கு நாலரைக்கே எழ வேண்டும், அங்கே இந்தக் கணக்கு உதவாது. டூட்டி முடிந்து மாலை நாலு மணிக்குத்தான் போகிறேன். அந்த வாரத்தில் இரவு ஒன்பதுக்குள் படுத்தே ஆக வேண்டும், ஆகையால் ராத்திரியில் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

நைட்டில் இருந்து வேறு ஷிப்டுக்கு மாறும் முதல் நாள் பயிற்சியே கிடையாது, கை காலை நீட்டி மடக்குவதோடு சரி. அரைத் தூக்கத்தில் எடை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை எங்கள் செக்‌ஷனிலேயே பார்த்திருக்கிறேன்.

"தினமும்" என்ற சொல்தான் ஷிப்ட்காரனைத் தோற்கடிக்கிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று மனசு விட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. வாரக் கணக்குதான் அது. இன்னொன்றும் முக்கியம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் சேரும். எங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

எங்கள் பிளாண்டில் மேல்தளம் வரைக்கும் 96 படிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரவுண்ட்ஸ் போக வேண்டும். முன்பு லிப்டில் போவேன். இப்போது ஏறுவது படியில், இறங்குவது லிப்டில். மூன்று மணிக்கு மேல் படியும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன், அப்போது கால் தடுமாறும். தசைப் பயிற்சிக்கு ஜிம் போவதில்லை, நைட் வாரத்தில் அதன் நேரம் எனக்கு ஒத்துவரவில்லை. ஐந்து லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பினால் கைக்கு ஐந்து கிலோ. அதைத் தூக்கியபடி உட்கார்ந்து எழுவது, தரையில் தண்டால். வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம். ரோஸ்டர் (யாருக்கு என்று என்ன ஷிப்ட் என்ற அட்டவணை) ஒட்டியதும் அந்த இரண்டு நாளையும் அதில் வட்டம் போட்டுவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை, ஒன்று மட்டும். நடுராத்திரியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் அதில் சேரும் சர்க்கரையை உடம்பால் பகலில்போலக் கையாள முடியாது. 2021இல் ஒரு ஆய்வில், செயற்கையாக நைட் ஷிப்ட் சூழலில் சிலரை வைத்துப் பார்த்தார்கள். பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறவில்லை, ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்கு ஏறியது. நான் இரவு எட்டரைக்கே வீட்டில் சாப்பிட்டுக் கிளம்புகிறேன். ஒரு மணிக்கு ஒரு பழம். காபி ஒன்றரைக்கு மேல் கிடையாது. அதில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்த காபிதான் எட்டு மணிக்கு என்னைப் புரட்டிப் புரட்டிப் போட்டது என்று தெரியாமல் எத்தனை வருடம் படுக்கையைக் குறை சொல்லியிருக்கிறேன்!

பதினாலு மாதத்தில் 84 கிலோ 77 ஆனது. போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் 128க்கு 82. மாத்திரை ஒன்று இன்னும் உண்டு, டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்துவதாக இல்லை.

இதை எழுதும்போதே ஒரு வருத்தம். இதெல்லாம் என் ஒருவனின் பிடிவாதத்தால் மட்டும் நடந்ததில்லை. அந்த வருடம் எங்கள் ரோஸ்டரும் மாறியது. அதற்கு முன் சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுற்றும். மனிதனின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் ஓடும். அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்குக் கொண்டுவருவது கஷ்டம். ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடம் மனு கொடுத்து, பேசி, கடைசியில் மாற்றினார்கள். அடுத்த சுற்றிலேயே கேன்டீனில் ஆட்களின் முகம் தெளிந்திருந்தது.

ஆனால் மீதி அப்படியே இருக்கிறது. ஷிப்டை ஏற்க வேண்டிய ரிலீவர் வராவிட்டால், பி ஷிப்ட் முடித்து இரவு பத்துக்குப் போனவனையே காலை ஆறு மணி ஏ ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நடுவில் எட்டு மணி நேரம். அதில் போகவர, குளிக்க, சாப்பிட என்று கழித்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1990இல் இரவு வேலைக்கென்றே 171ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இரவு வேலை செய்பவர் கேட்டால் செலவில்லாமல் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதோடு வந்த பரிந்துரையில், இரண்டு ஷிப்டுக்கு நடுவே முடிந்தவரை 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தபோதும் எடுக்கவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரோஸ்டர் போடுபவர்கள் எங்கள் உடம்பையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒட்டப்படும் தாளில் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டைத் தெரிந்துகொள்பவன், எந்த நாளைக்கு வட்டம் போடுவான்? இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஐயா, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உடற்பயிற்சி பற்றி அடுத்த முறை எழுதும் டாக்டர்களிடமும் பயிற்சியாளர்களிடமும், "நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் என்ன செய்வது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு அதன் பதிலையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பத்தி போதும். அதை வெட்டியெடுத்து எங்கள் நோட்டீஸ் போர்டில் ரோஸ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். ரோஸ்டர் போடுபவரும் அந்தப் பக்கம்தான் தினமும் நடந்து போகிறார்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)