பேராதனையின் புதிய கட்டடங்கள் ஹந்தானை மலையை மறைக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு வந்து இரண்டு கிழமையாகிறது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் நான் பெட்டியோடு வந்திறங்கிய அதே சரசவி உயன புகையிரத நிலையத்தில்தான் அவளோடும் இறங்கினேன். கலகா வீதியால் நடந்து போகையில் மனத்தில் பட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

செனற் கட்டடத்துக்குக் கிட்ட வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கீழ்த்தளத்துத் தூண்களுக்கிடையே ஒதுங்கினோம். மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரை ஏனப்பா நடுவில மடிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். கண்டிக் கூரை அப்படித்தான். உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும், பாதியில் சரிவு குறையும், பிறகு சுவரைத் தாண்டி வெளியே நீளும். மேலே வேகமாக வழியும் தண்ணீர் கீழே வேகம் தணிந்து, சுவரில் படாமல் தள்ளி விழும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் எங்களுக்கு எட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாலு வருடம் அந்த வழியால் போய்வந்த நான் அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன்.

இந்த வளாகத்தின் திட்டத்தை வரைந்தவர்கள் வெளிநாட்டவர்கள். லண்டன் மாநகருக்கு 1944ஆம் ஆண்டுத் திட்டத்தை வகுத்த பற்றிக் அபர்குரொம்பி ஒருவர், கிளிஃபர்ட் ஹொலிடே மற்றவர். ஆனால் அந்தக் கோடுகளைத் தூணும் கூரையுமாக எழுப்பியவர் நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஷேர்லி த அல்விஸ். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அல்விஸை யாருக்குத் தெரியும்? மகளோடு வந்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் படித்து முடித்து வெளியே வந்த பிறகே அறிந்தேன்.

கொழும்பிலா கண்டியிலா என்று பல்கலைக்கழகத்துக்கு இடம் தேடி 1920களில் நடந்த வாதம் சின்ன வாதமல்ல. கண்டிப் பக்கம் நின்று வாதாடிய நீதிபதி அக்பரின் பெயர் இன்று ஒரு விடுதிக்கும், மகாவலியைக் கால்நடையாகக் கடக்கும் பாலத்துக்கும் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1906இலேயே, இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கி இதற்காகப் பேசிவந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பெயரில் ஒரு விடுதி, தமையனார் இராமநாதன் பெயரில் ஒரு விடுதி. சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு வரிசையில் நின்ற காலத்தில் அந்தப் பெயர்கள் எங்களுக்கு வெறும் முகவரிகளாக இருந்தன. இப்போது நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஒன்பது பீடங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். புதுக் கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வுகூடமும் விடுதியும் கட்டத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் கண்டிக் கூரை வைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு மாடிக்கு மேலே அந்தக் கூரையை ஏற்றினால் மழையிலிருந்து கீழ்ச் சுவரைக் காக்கவும் உதவாது, கண்ணுக்கும் பொருந்தாது. 1964இல் ஆற்றுக்கு அப்பால் வந்த பொறியியற் பீடத்தைப் பாருங்கள். நேர்கோடுகளும் நீண்ட நடைகூடங்களுமாக அது தன் காலத்துக் கட்டடமாகவே நிற்கிறது. அதனால் அந்த இடம் கெட்டுப்போய்விடவில்லை.

அல்விஸிடமிருந்து எடுக்கவேண்டியது கூரையை அல்ல, அடக்கத்தை. கட்டடங்கள் பள்ளத்தாக்கோடு சேர்ந்து போகின்றன. அவற்றுக்கு மேலே மரங்கள், மரங்களுக்கு மேலே ஹந்தானை. சரச்சந்திர திறந்தவெளி அரங்கோ நிலத்தின் குழிவுக்குள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் அதை 'வள' என்றுதான் சொல்வார்கள், சிங்களத்தில் குழி என்று பொருள். மேலே ஏறினால் குறிஞ்சிக்குமரன் கோயில். படியேறி மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் கீழே கூரைகளைவிட மரங்களே அதிகம் தெரியும். திருவிழா நாட்களில் அந்தப் படிகளில் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஆகவே பல்கலைக்கழகத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். புதிதாகக் கட்டுவது எதுவானாலும் சுற்றியுள்ள மரங்களின் உயரத்தைத் தாண்டக்கூடாது, சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவுக்கேற்பக் கட்டவேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி வையுங்கள். மலையகத்தில் சரிவை வெட்டினால் மண் இறங்கும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். அடுத்தது சிறிய வேலை: ஒவ்வொரு பழைய கட்டடத்தின் வாசலிலும் அதை வடிவமைத்தவர் பெயரையும் கட்டிய ஆண்டையும் மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. 1940களின் கடைசியிலும் 1950களிலும் இந்தக் கட்டடங்கள் எழும்பியபோது மேசன்மாராக, தச்சர்களாக வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பேராதனைப் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் வீடுகளில் அந்த நாள் படங்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். மகளுக்கு வெட்டி அனுப்புவேன்.

இப்படிக்கு,
பழைய மாணவன்,
மாத்தளை.