சுற்றுலாப் படகோட்டிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் விழுங்கியது நங்கூரம். பவளப்பாறைமேல் நங்கூரம் போட்டால் அது விழுகிற இடம் உடைவதோடு போவதில்லை, காற்று திரும்பிப் படகு சுற்றும்போது தளர்ந்து கிடக்கிற சங்கிலியும் கூடவே தரையைச் சீவிக்கொண்டு போகிறது, உருண்டைப் பவளமோ வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் இனி நங்கூரம் போடாமல், கடலடியில் கயிற்றால் பிணைத்த மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். மிதவை போடுவது சுலபம். கயிறு தேய்ந்திருக்கிறதா, அடி வளையம் துருவேறியிருக்கிறதா என்று யார் முங்கிப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. கடைசியில் முறை வைத்திருக்கிறோம். முறை தவறினால் மறுநாள் சவாரி கிடையாது.

அடுத்தது சவாரிப் படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. நாம் குறைத்தால் சங்கத்தில் சேராதவன் அள்ளிக்கொண்டு போவான் என்று சிலர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் வரம்பை மாநகராட்சியும் துறைமுகமும் எல்லாருக்கும் பொதுவாக வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். வரம்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று: படகும் கூட்டமும் அளவுக்கு மீறிப் பவளம் சிதைந்ததால் தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் நான்கு மாதத்துக்கு என்றுதான் மூடினார்கள், மறுபடி திறந்தது 2022 ஜனவரியில். இப்போது படகு விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, தீவின் பின்பக்கம்தான் நிறுத்த வேண்டும். அத்தனை நாளும் அங்கே படகுக் கடனை யார் கட்டியிருப்பார் என்று யோசியுங்கள்.

பழியை நம் தலையிலேயே கட்டவும் விடக் கூடாது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை அதே 2018இல் ஆறு மாதம் மூடக் காரணம் கடலில் கலந்த கழிவுநீர். எனவே கடற்கரை விடுதிகளின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் மனுவில் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் கட்டணம். கரீபியனில் பொனேர் தீவில் முக்குளிப்பவர்கள் கட்டுகிற கட்டணம் கடல் பூங்காவின் பராமரிப்புக்குப் போகிறது. நாம் கட்டுவது பொதுக் கணக்கில் கரைகிறது, மிதவைக்கு மட்டும் பணம் இல்லை என்கிறார்கள். தனிக் கணக்கு கேட்டாயிற்று, பதில் வரவில்லை.

ஆலோசனைக் குழுவில் விடுதிக்காரர்களுக்கு இடம் உண்டு, வலை போடுகிற மீனவருக்கு இல்லை. அவர்கள் மீன்பிடிக்கிற இடத்தில்தான் நாம் சவாரி விடுகிறோம். மீனவர் சங்கத்தோடு சேர்ந்து இரண்டு இடம் கேட்கும் மனு மேசையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.