சந்தா முடிந்த பிறகு கையில் என்ன இருக்கும்?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பாராட்டி வந்த தலையங்கத்தைப் படித்தேன். பாராட்டு சரிதான். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் தலையங்கம் 6,000 கோடி ரூபாய் என்ற தொகையோடு நின்றுவிட்டது. அந்தப் பணத்துக்கு எந்தெந்த உரிமையை எழுதி வாங்க வேண்டும் என்பதைத் தொடவே இல்லை.

அச்சிதழ் காலத்தில் நூலகர்களான எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஆண்டு முடிந்ததும் இதழ்களைச் சேர்த்துக் கட்டி பைண்டிங்குக்கு அனுப்புவோம். முதுகில் தலைப்பும் தொகுதி எண்ணும் தங்க எழுத்தில் பொறித்து வரும். அக்செஷன் பதிவேட்டில், அதாவது நூலக இருப்புக் கணக்கில், ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அது கல்லூரிச் சொத்து. அடுத்த ஆண்டு நிதி இல்லை என்று சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேறு கல்லூரி மாணவர் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கி வந்தால் உட்கார்ந்து படிப்பார், வேண்டியதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்.

மின்னிதழில் இதெல்லாம் தானாக வராது. அங்கே நாம் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்குப் படிக்கும் உரிமம் மட்டுமே. பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைச் சந்தா நின்ற பிறகும் படிக்கலாமா, வெளியாள் நூலகத்துக்கு வந்து கணினியில் பார்க்கலாமா, இன்னொரு நூலகம் கேட்டால் கட்டுரையை அனுப்பலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷரத்து வேண்டும். எழுதி வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதில் முதல் ஷரத்துதான் அடுத்த பேரத்தையே தீர்மானிக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சேவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்துடன் சந்தாப் பேச்சை முறித்துக்கொண்டது. அந்த ஜூலையில் புதிய கட்டுரைகளுக்கான வழி அடைபட்டது. ஆனாலும் 2018 வரை வந்தவற்றில் பெரும்பாலானவை அவர்களுக்குத் திறந்தே இருந்தன. நிரந்தர உரிமையை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். அந்தத் தெம்பில் தாக்குப்பிடித்தார்கள். 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

நம் திட்டத்துக்கான நிதி 2025 முதல் 2027 வரைக்கும்தான். மறுபடி பேச உட்காரும்போது, திட்டத்தை நடத்தும் யு.ஜி.சி. அமைப்பான இன்ஃப்ளிப்நெட் கையில் அந்த உரிமை இல்லையென்றால், ஜனவரி 1 அன்று எல்லா இதழும் ஒரேயடியாக மூடிக்கொள்ளும் என்பது எதிரில் இருக்கும் பதிப்பகத்தாருக்குத் தெரியும். அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

அந்த விலைக்கும் இதழைத் தயாரிக்க ஆகும் செலவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கட்டுரை எழுதுகிறவருக்கும் அதை மதிப்பிடுகிறவருக்கும் பதிப்பகம் பெரும்பாலும் காலணா கொடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1990-களின் பிற்பாதியிலிருந்து பெரிய பதிப்பகங்கள் தங்கள் இதழ்களை மொத்த மூட்டையாக விற்கின்றன. போதாக்குறைக்கு, கொடுத்த விலையை வெளியே சொல்லக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும். அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கிய ஒப்பந்தங்களை வைத்து 2014-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒத்த பல்கலைக்கழகங்கள் ஒரே மூட்டைக்கு வெவ்வேறு விலை கொடுத்துவந்தது அப்போதுதான் தெரிந்தது. நாம் கொடுப்பது முழுக்க வரிப்பணம். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் எவ்வளவு, என்னென்ன ஷரத்து என்பது யாரும் படிக்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். எந்த இதழை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கும் கூடவே வேண்டும். யாரும் தொடாத இதழுக்கு ஏன் அழ வேண்டும்?

திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார்தான். அங்கே படிப்பவர் ஒரே ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கட்ட மாட்டார். கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதையும் முடக்கச் சொல்லிவிட்டது. நான் அந்தத் தளத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அடுத்த கட்டம் வரும்வரை, பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி நூலகத்தில் இந்த மாணவர்கள் வந்து படிக்கும் அனுமதியையாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். அதற்குக் கூடுதலாக ஒரு கட்டடமும் வேண்டியதில்லை; ஒரு கணினியும் நாற்காலியும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
திண்டுக்கல்.